பல்ஸ் ஆக்ஸிமீட்டர்: எண்ணுக்கு முன் நாடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "ரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்" என்ற வரி மருத்துவப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த 94 சதவீதத்தைப் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எப்படி எடுப்பது என்பது அதன் பக்கத்தில் வருவதே இல்லை. மாட்டினோம், பார்த்தோம், கழற்றினோம் என்று எடுத்த எண்ணை வைத்து ஒருவர் நள்ளிரவில் பதறியடித்து ஓடுகிறார். இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "97 காட்டுகிறதே, ஒன்றுமில்லை" என்று படுத்துவிடுகிறார். இரண்டாமவரை நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் இந்தக் கருவி ஆக்சிஜனை நேரடியாக அளப்பதில்லை. வெளிச்சத்தை அளந்து, அதிலிருந்து ஆக்சிஜனைக் கணிக்கிறது. கிளிப்பின் ஒரு தாடையில் இரண்டு எல்இடி விளக்குகள் இருக்கும். ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. எதிர்த் தாடையில் ஒளி உணரி. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் உறிஞ்சும். தோல், நகம், எலும்பு, சிரை ரத்தம் எல்லாமும் வெளிச்சத்தை உறிஞ்சத்தான் செய்கின்றன, ஆனால் அவை உறிஞ்சும் அளவு நொடிக்கு நொடி மாறாது. தமனி ரத்தம் மட்டும் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு கிடைத்துவிடும் என்று 1970-களின் தொடக்கத்தில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி. நிஹான் கோடென் நிறுவனம் 1974-இல் அதற்குக் காப்புரிமை கோரியது. கருவியின் பெயரிலேயே 'பல்ஸ்' இருப்பது அதனால்தான். நாடி சரியாகக் கிடைக்காத இடத்தில் ஆக்சிஜன் எண்ணும் சரியாகக் கிடைக்காது.

இந்த ஏற்ற இறக்கம் மிகச் சின்னது. விரலைக் கடந்து உணரிக்கு வரும் மொத்த வெளிச்சத்தில் துடிப்போடு மாறுவது பெரும்பாலும் நூற்றில் ஒன்றோ, இரண்டோ, ஐந்தோ பங்குதான். குளிரில் சில்லிட்ட விரலில் அது அரைப் பங்குக்கும் கீழே போய்விடும். பல கருவிகளில் 'பிஐ' என்று மூன்றாவதாக ஓர் எண் தெரிகிறதே, அது இந்தப் பங்கைத்தான் சொல்கிறது. பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ் என்பார்கள். 0.4, 0.3 என்று நின்றால் விரலில் ரத்த ஓட்டம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தெரியும் ஆக்சிஜன் எண்ணை அப்போது நம்பக் கூடாது. ஆனால் ஒரு கருவியின் பிஐ-யை இன்னொரு கருவியின் பிஐ-யோடு ஒப்பிட வேண்டாம். கணக்கிடும் முறை ஒவ்வொன்றிலும் வேறுபடும். ஒரே கருவியில், விரலைச் சூடாக்கும் முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்குத்தான் அது பயன்படும்.

இனி எடுக்கும் முறை. நடந்து வந்தவுடன், படியேறியவுடன், பேசிக்கொண்டே எடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கை சில்லென்றிருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்தோ, வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்துத் துடைத்தோ சூடாக்குங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஒட்டிய செயற்கை நகத்தையும் எடுத்துவிடுங்கள். கறுப்பு, நீலம், பச்சைப் பூச்சுகள்தான் அதிகம் தொல்லை தருபவை. இன்றைய கருவிகளில் அந்தப் பிழை பெரிதல்ல. ஆனால் 94-க்கும் 92-க்கும் நடுவில் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் இரண்டு புள்ளி சின்ன விஷயமில்லை. அழிக்க வழியில்லையென்றால் கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சம் நகத்தின் வழியாகப் போகாமல் விரலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்படி மாட்டலாம்.

நடுவிரல் அல்லது ஆள்காட்டி விரல் நல்லது. கட்டைவிரல் கிளிப்புக்குள் சரியாகப் படியாது. சுண்டுவிரல் மெலிந்திருப்பதால் பக்கத்தில் இடைவெளி விழும். நகம் மேலே இருக்கும்படி, விரல்நுனி உள்ளே இருக்கும் தடுப்பை முட்டும்வரை நுழைக்க வேண்டும். நீளமாக நகம் வளர்த்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். நகம் போய்த் தடுப்பில் இடித்துவிடும், சதை பாதி வழியிலேயே நின்றுவிடும், விளக்குக்கு நேரே விரல் இருக்காது. விரலைத் துளைத்துப் போகாமல் ஓரமாகக் கசிந்து உணரிக்குப் போகும் வெளிச்சத்தில் நாடி இருப்பதில்லை. சின்னக் குழந்தைகளின் விரலில் பெரியவர்களுக்கான கிளிப் பொய் சொல்வதும் இதே காரணத்தால்தான். குழந்தைகளுக்கென்று தனி அளவில் கிளிப் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பாதத்தைச் சுற்றி ஒட்டும் பட்டை உணரி உண்டு. அவை இல்லையென்றால் குழந்தையின் மூச்சு வேகத்தையும், விலா இடுக்குகள் உள்ளிழுப்பதையும், பால் குடிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். கிளிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மாட்டிய கையைத் தொங்கவிடாதீர்கள். தொங்கும் கையில் சிரை ரத்தம் தேங்கி, அதுவும் லேசாகத் துடிக்கத் தொடங்கும். கருவிக்குத் தமனித் துடிப்பையும் சிரைத் துடிப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, எண் குறைந்துவிடும். கையை நெஞ்சின் மேலோ, நெஞ்சளவு உயரத்தில் மேசை மேலோ அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அதே கையில் கட்டிக்கொண்டு ஆக்சிஜன் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பட்டை இறுகும்போது விரலுக்கு ரத்தம் நின்றுபோகும், எண் சடாரென்று விழும் அல்லது மறைந்தே போகும். ஒரு கையில் பட்டை என்றால் மறு கையில் கிளிப். நேர் வெயில், கண்ணெதிரே பளிச்சென்று எரியும் விளக்கு, அகச்சிவப்பு ஹீட்டர் இவையெல்லாம் உணரியைக் குழப்பும். விரலையும் கிளிப்பையும் சேர்த்து ஒரு கனத்த துணியால் மூடினால் போதும்.

பிறகு காத்திருக்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. கருவி ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாகக் காட்டுவதில்லை; பல விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. முதலில் வரும் எண், விரலை நுழைத்தபோது ஏற்பட்ட அசைவையும் சேர்த்துச் சராசரி போட்ட எண். அதோடு, நுரையீரலில் நடக்கும் மாற்றம் விரல்நுனி ரத்தத்துக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். சில்லிட்ட கையில் இன்னும் தாமதமாகும். குறைந்தது ஒரு முழு நிமிடம் மாட்டி வையுங்கள். எண் ஆடிக்கொண்டேயிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஐந்து விநாடி மாறாமல் நின்ற பிறகு, அப்படி நிலைத்ததில் உயர்ந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணநேரம் 98-ஐத் தொட்டு இறங்கியது கணக்கில் வராது. கணநேரம் 89-க்கு விழுந்து எழுந்ததும் வராது.

அந்த எண் நம்பத் தகுந்ததுதானா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கருவி நாடித்துடிப்பையும் காட்டுகிறது அல்லவா? மறுகையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரண்டு விரலை வைத்து 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நீங்கள் எண்ணியது 84, கருவி காட்டுவது 82 அல்லது 86 என்றால் அது உண்மையான நாடியைப் பிடித்திருக்கிறது. நீங்கள் எண்ணியது 84, கருவி காட்டுவது 120 என்றால் கை நடுக்கத்தையோ வேறு எதையோ நாடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண் 99 ஆனாலும் 79 ஆனாலும் எழுதி வைக்காதீர்கள். விரலை மாற்றுங்கள், சூடாக்குங்கள், மறுபடி எடுங்கள். திரையில் அலைக்கோடு வரும் கருவியாக இருந்தால் அது துடிப்புக்குத் துடிப்பு ஒரே வடிவத்தில் சீராக எழுந்து விழ வேண்டும்; கோடு தட்டையாக இருந்தாலோ கிறுக்கலாக இருந்தாலோ எண்ணை ஒதுக்கிவிடுங்கள். வெறும் பட்டைக்கோடு உள்ள கருவியில் அது நாடியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்கலாம். இதய லயக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை முழுமையாகப் பொருந்தாது. அவர்கள் நாடி ஒழுங்கில்லாமல்தான் கிடைக்கும், மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

85-ஐச் சுற்றியே நிற்கும் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பு, அகச்சிவப்பு இரண்டின் ஏற்ற இறக்கமும் சமமாக, அதாவது விகிதம் ஒன்று என்று வந்தால், கருவிக்குள் இருக்கும் அட்டவணைப்படி விடை சுமார் 85 சதவீதம். நாடி பலவீனமாகி, அசைவின் இரைச்சல் இரு வெளிச்சத்திலும் ஒரே அளவில் ஏறிவிட்டால் கணக்கு அங்கே போய் நின்றுவிடும். ஆகவே ஆள் நன்றாகப் பேசுகிறார், உதடு சிவந்திருக்கிறது, கருவி மட்டும் 84, 85, 86 என்று காட்டுகிறது, பிஐ 0.3 என்றால், முதலில் கையைச் சூடாக்கி மீண்டும் எடுங்கள். நாடி பலமாக இருந்தும், விரல் மாற்றியும், கருவி மாற்றியும் 85-லேயே நின்றால் கதை வேறு. சில மருந்துகளாலும் ரசாயனங்களாலும் மெத்ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்) கூடியவர்களுக்கும் எண் இப்படித்தான் 85-ஐ நோக்கி இழுபடும். அதை மருத்துவமனையில்தான் பார்க்க முடியும், உடனே பார்க்கவும் வேண்டும்.

திரையைத் தலைகீழாகப் படிப்பது நம்ப முடியாத தவறு போலத் தோன்றும். ஆனால் 86 என்ற எண்ணை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் 98 என்று தெரியும்! 98-ஐ அப்படிப் பார்த்தால் 86. விரலை நீட்டியிருப்பவர் ஒருவர், எதிரே நின்று படிப்பவர் ஒருவர் என்றால் இது நடக்கும். பல கருவிகளில் பொத்தானை அழுத்தினால் திரை திரும்பிக்கொள்ளும் என்பதால், முந்தைய முறை எப்படித் தெரிந்தது என்ற பழக்கத்தை நம்ப முடியாது. ஆக்சிஜனைக் குறிக்கும் 'எஸ்பிஓ2' என்ற எழுத்தோ சதவீதக் குறியோ நேராகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள். ஆக்சிஜன் 88, நாடி 96 என்று இருக்கும்போது 96-ஐ ஆக்சிஜன் என்று படித்துச் சொல்வதும் இதோடு சேர்ந்த பிழைதான். சதவீதக் குறி இருப்பது ஆக்சிஜன்; இதயப் படமோ 'பிஆர்' என்ற எழுத்தோ இருப்பது நாடி.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கருவிக்கென்று ஒரு பிழை வரம்பு உண்டு. பெட்டியின் மேல் "70 முதல் 100 வரை ±2%" என்று அச்சிட்டிருப்பார்கள். இதை, எந்த நேரமும் இரண்டுக்கு மேல் தப்பாது என்று படிக்கக் கூடாது. எடுக்கும் அளவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு அந்த இரண்டு புள்ளிக்குள் இருக்கும் என்பதுதான் அதன் பொருள். மற்றவை அதற்கு வெளியே, நாலு புள்ளிவரைகூடப் போகும். கருவி 92 காட்டும்போது தமனி ரத்தத்தில் உண்மையில் 88 இருக்கலாம், 96-உம் இருக்கலாம். 70-க்குக் கீழே காட்டும் எண்கள் எவ்வளவு தொலைவு கீழே என்பதைச் சொல்லுவதில்லை. உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து, அவர்கள் தமனி ரத்தத்தைச் சோதித்துத்தான் கருவியின் அட்டவணையைத் தயாரிக்கிறார்கள். 70-க்குக் கீழே யாரையும் கொண்டுபோக முடியாது என்பதால் அதற்குக் கீழே உள்ளது வெறும் நீட்டிப்பு.

கருத்த தோல் உள்ளவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இதை மருத்துவ உலகமே நெடுங்காலம் போதிய அக்கறையோடு பார்க்கவில்லை. தோலின் நிறமி சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சுவதால், கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கு இருக்கிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இதை வெட்டவெளிச்சமாக்கியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இந்தக் கருவிகளின் வரம்புகளைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. இதனால் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எண் எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் எண்ணை நம்பாமல் மூச்சை நம்புங்கள். உங்களுக்கு வழக்கமாக 98 வருமென்றால் இன்று 94 வருவது, இன்னொருவரின் 94-ஐவிடப் பெரிய செய்தி. நிறமி தரும் பிழை இரண்டு நாளும் உங்கள் விரலில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுவதில் நம்பகம் அதிகம். அதற்காகவே உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் இரண்டு மூன்று முறை எடுத்து எழுதி வைத்திருப்பது நல்லது.

கருவி சரியாக வேலை செய்தும் ஆபத்தைக் காட்டாத நிலைகளும் உண்டு. புகை மூட்டத்தில் சிக்கியவர், மூடிய அறையில் கரியடுப்பு அல்லது ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்தவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். இரண்டு அலைநீளக் கருவிக்கு அது ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் போலவே தெரியும். ஆள் மயங்கிக் கிடப்பார், கருவி 98 காட்டும். அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கிளிப்பை மாட்டிப் பார்க்கவே வேண்டாம். ரத்தசோகையும் இப்படித்தான். கருவி சொல்வது இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது மட்டுமே. ஹீமோகுளோபின் 15 கிராம் இருப்பவருக்கும் 7 கிராம் இருப்பவருக்கும் கருவி 98 காட்டும். ஆனால் முதலாமவரின் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜன் இருக்கும், இரண்டாமவருக்கு 9 மில்லிதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குக் கரியமில வாயு தேங்குவதையும் கருவி காட்டாது. சிலிண்டர் ஆக்சிஜனில் 97 காட்டிக்கொண்டே அரைத்தூக்கத்துக்குப் போகிற நிலை அது. அவர்களில் பலருக்கு மருத்துவர்கள் 88 முதல் 92 வரை என்று இலக்கு வைப்பதும் இதனால்தான். 98-க்கு ஏற்றுகிறேன் என்று வீட்டில் யாரும் ஆக்சிஜன் திருகைத் திருப்பக் கூடாது.

மற்றவர்களுக்கு, பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை கோவிட் காலத்தில் வைத்த அளவு எளிமையானது: 95-உம் அதற்கு மேலும் இயல்பு; 93, 94 என்றால் மறுபடி எடுத்துப் பார்த்து, அப்படியே இருந்தால் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்; 92-உம் அதற்குக் கீழும் அவசர நிலை. உயர்ந்த மலையில் வசிப்பவர்களுக்கு இயல்பே குறைவாக இருக்கும். 90-க்குக் கீழே எண் இறங்குவது, 98-இலிருந்து 94-க்கு இறங்குவது போல அல்ல. நுரையீரலிலிருந்து கிடைக்கும் ஆக்சிஜன் குறையக் குறைய ரத்தத்தில் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் வளைகோடு அந்த இடத்தில் செங்குத்தாகச் சரிகிறது, நுரையீரல் இன்னும் கொஞ்சம் தளர்ந்தாலே எண் மளமளவென்று விழும்.

கருவியில் விரலுக்குப் பதிலாகப் பேனாவையோ பென்சிலையோ செருகி, எண் வந்தால் போலி என்று சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. கை நடுக்கத்திலும் வெளி வெளிச்சத்திலும் நல்ல கருவியும் பென்சிலுக்கு எண் காட்டலாம். நாடியோடு ஒப்பிடும் சோதனையே மேல். அகச்சிவப்பு விளக்கில்லாத போனின் கேமராவையும் ஃபிளாஷையும் வைத்து ஆக்சிஜன் சொல்லும் செயலிகளை நோயாளி விஷயத்தில் நம்பாதீர்கள். கைக்கடிகாரங்களின் எண்ணும் உடற்பயிற்சிக் குறிப்புக்கு ஆகலாம், மருத்துவ முடிவுக்கு ஆகாது.

கருவியைப் பேணுவதில் அதிகம் இல்லை. பேட்டரி இறங்கினால் விளக்கு மங்கும்; பேட்டரிக் குறியீடு தெரிந்ததும் இரண்டு பேட்டரிகளையும் சேர்த்தே மாற்றுங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்து முனைகளை அரித்துவிடும். உள்ளே ரப்பர் மெத்தையில் விளக்கும் உணரியும் இருக்கும் சின்னக் கண்ணாடிச் சாளரங்களில் அழுக்கும் வியர்வையும் படியும். கருவியை அணைத்து, மென்துணியில் 70 சதவீத ஆல்கஹாலைச் சற்றே நனைத்துத் துடைத்து, உலர்ந்த பின் மாட்டுங்கள். தண்ணீரில் முக்கவோ திரவத்தை ஊற்றவோ வேண்டாம்.

குறித்து வைக்கும்போது எண்ணை மட்டும் எழுதினால் போனில் கேட்கும் மருத்துவருக்குப் பாதி செய்திதான் கிடைக்கும். தேதி, நேரம், ஆக்சிஜன், நாடி, எந்த விரல், உட்கார்ந்தா படுத்தா, வெறும் காற்றிலா அல்லது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜனிலா, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று ஒரே வரியில் எழுதுங்கள். மூச்சை எண்ணும்போது நோயாளியிடம் சொல்லாமல் நெஞ்சைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "94-க்குக் கீழே" என்று அச்சிடும்போது, "ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, சூடான விரலில் ஒரு நிமிடம் மாட்டி வைத்து" என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்